எட்டு ஈஸ்வரிகளும் ஒரு மொக்கையனும்

மொக்கையன் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் கௌரவமான பெயர். குலசாமி பெயர் என்று வீட்டுக்கு ஒருவருக்காவது வைத்துவிடுவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'மொக்கை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு படுத்துகிற பாட்டில், அந்தப் பெயர் கொண்டவர்கள் எல்லாம் ரேஷன் கார்டில் மட்டும் மொக்கையனாக இருந்துகொண்டு, வெளியே மோகன் என்றும் முகேஷ் என்றும் திரிகிறார்கள். எங்கள் பூசாரி மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டேன். "மாத்திக்கிட்டா அது எனக்கு ஞாபகம் இருக்கணுமே டீச்சர்" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது முழுக்க அந்தப் பதிலிலேயே இருக்கிறது. ஆனால் அவரை மறதிக்காரர் என்று ஊரில் ஒருத்தர் விடாமல் பேசுகிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

நான் கலையரசி. போடியில் குடியிருக்கிறேன். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்து மேய்க்கிறேன். பஸ்சை நம்பினால் பிரேயர் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களோடு அருள்பாண்டியின் ஜீப்பில் போவேன். காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடும். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேர், ஒன்பது தூக்குச்சட்டி, என் குடை.

முந்தல் ஊரைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் முதல் வளைவுக்கு முன்னால் சோணைக்கருப்பு கோயில் இருக்கிறது. கோயில் என்றால் ஒரு சின்ன அறை, அதற்கு ஆறு படி, பக்கத்தில் ஒரு டீக்கடை. மேலே போகிற ஜீப் எல்லாம் அங்கே நின்றுதான் போகும். நிற்கிற நேரம் இரண்டு நிமிடம். வண்டியில் இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தங்கள் பெயர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். பூசாரி கேட்டுக்கொண்டு ஆறு படி ஏறி உள்ளே போவார். சூடம் காட்டி, "கருப்பா, மலையேறுற பிள்ளைக. ஏத்துன மாதிரியே எறக்கி விடு" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பெயராகச் சாமியிடம் ஒப்பிப்பார். திரும்பி வந்து திருநீறு கொடுப்பார். பின்னால் நிற்கிற ஜீப் ஹாரன் அடிக்கும். அவ்வளவுதான்.

இதில் பெயரைக் கேட்பதற்கும் ஒப்பிப்பதற்கும் நடுவில் அரை நிமிடம்தான் இருக்கிறது. அந்த அரை நிமிடம்தான் மொக்கையனின் வாழ்க்கையில் வந்த எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

எழுதி வைத்து வாசிக்கலாமே என்று கேட்காதவர்கள் கிடையாது. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "எழுதிக் குடுத்தா அது மனு. மனுவுக்கு என்ன கதின்னு நமக்குத் தெரியும். சாமிக்கு வாயாலதான் சொல்லணும்" என்பார். அதற்கு மேல் யார் பேசுவது.

பூசாரி ஆவதற்கு முன்னால் அவர் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். சித்தப்பா காலமான பிறகு பூசை முறை இவருக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. பழைய சமாச்சாரம் எதைக் கேட்டாலும் சொல்வார். முப்பது வருடத்துக்கு முன்னால் எட்டாவது வளைவில் மண் சரிந்தபோது சிக்கிய பஸ்சில் யார் யார் இருந்தார்கள், கண்டக்டர் எந்தக் கையில் கடிகாரம் கட்டியிருந்தார் என்பது வரை சொல்வார். அப்படிப்பட்டவரை அவர் மனைவி மகாராணி கடைக்கு அனுப்பினால் வேடிக்கையாகிவிடும். மகாராணிதான் அந்த டீக்கடைக்குச் சொந்தக்காரி. ஒருநாள் உப்பு, பருப்பு, சோப்பு, சீப்பு என்று நான்கே சாமான் சொல்லி அனுப்பினாள். மனிதர் இரண்டு சோப்பும் இரண்டு சீப்பும் வாங்கி வந்தார். அவர் தலையில் முடி உதிர்ந்து பத்து வருடம் ஆகிறது. அதே ஆள் மறுநாள் சீனி, தீப்பெட்டி, வெந்தயம், மண்ணெண்ணெய், அப்பளம் ஐந்தையும் சொன்ன வரிசை மாறாமல் வாங்கி வந்தார். "வேணும்னே செய்றாரு" என்றாள் மகாராணி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது எங்கள் ஜீப்பில் இருந்தவர்களின் பெயரைச் சொல்கிறேன். பாண்டீஸ்வரி, ராஜேஸ்வரி, மகேஸ்வரி, புவனேஸ்வரி, ஜெகதீஸ்வரி, நாகேஸ்வரி. இவர்களோடு தேவி, சோலையம்மாள், நான். ஒரே வயதுக்காரர்கள், ஒரே வட்டாரம். அந்தக் காலத்தில் பெண்பிள்ளை பிறந்தால் ஈஸ்வரியைச் சேர்க்காமல் பெயர் வைக்கக் கூடாது என்று யாரோ தண்டோரா போட்டிருக்க வேண்டும். மொக்கையன் இவர்களைச் சாமியிடம் சொல்லுகிற அழகைக் கேட்க வேண்டும். ராஜேஸ்வரி இரண்டு தடவை வருவாள். மகேஸ்வரி காணாமல் போவாள். 'புவனீஸ்வரி', 'ஜெகதேஸ்வரி', 'பாண்டகேஸ்வரி' என்று எங்கள் வண்டியில் ஏறாத பெண்கள் எல்லாம் அருள் வாங்கிக்கொண்டு போவார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் இரண்டு தடவை வந்தவளை அன்றைக்கு அட்டை கடிக்காது என்று ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

பாண்டீஸ்வரிக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லாமல் போனது ஆடி மாதக் கடைசியில்.

அருள்பாண்டி அவளுடைய புருஷன். நல்ல டிரைவர். பதினேழு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்பான். ஒரு சாயங்காலம் மேலே யாரோ சிநேகிதனோடு சேர்ந்து குடித்துவிட்டு, உண்மையிலேயே பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எங்களைக் கீழே இறக்கினான். மலை முழுக்கப் பத்திரமாக வந்துவிட்டு, கோயில் முன்னால் வண்டியை நிறுத்துகிறேன் என்று மகாராணியின் டீக்கடை பெஞ்சில் ஏற்றினான். பெஞ்சு இரண்டாகி, பாய்லர் உருண்டு, பால் ரோட்டில் ஓடியது. யாருக்கும் அடி இல்லை. இந்த இடம் கடைசி வளைவுக்குக் கீழே இருந்ததால் பெஞ்சோடு போயிற்று. நாலு வளைவு மேலே என்றால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பாண்டீஸ்வரி ஜீப்பில் ஏறாமல் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தாளு சாமி முன்னாடி சத்தியம் பண்ணட்டும். இல்லாட்டி நானும் ஏற மாட்டேன், எவளையும் ஏற விட மாட்டேன்" என்றாள்.

அருள்பாண்டி சூடத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்தான். அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயமே இருக்கிறது. "நாப்பத்தெட்டு நாளு நான் தொட மாட்டேன். தெனமும் மொக்கையன் மாமா எம் பொண்டாட்டி பேரை முழுசாச் சாமிகிட்டச் சொல்லணும். சொல்ற வரைக்கும் என் வாக்கு நிக்கும். ஒருநாளு பேரு விட்டுப்போச்சுன்னா சாமிக்கே இஷ்டமில்லேன்னு அர்த்தம். அன்னிக்குச் சாயங்காலம் வண்டிய வீட்டுல போட்டுட்டு நான் தொட்டுக்குவேன். மறுநாளு ஒண்ணுலருந்து எண்ணணும். யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

பெண்களுக்கு முதல் வரியிலேயே கண் கலங்கிவிட்டது. மீதியை யாரும் காதில் வாங்கவில்லை. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான்.

பாண்டீஸ்வரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாற்பத்தெட்டு நாள் அவன் குடிக்காமல் இருந்துவிட்டால் அப்புறம் தானாகவே விட்டுவிடுவான் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை முழுவதையும் கொண்டுபோய் உலகத்திலேயே மோசமான இடத்தில், அதாவது மொக்கையனின் அரை நிமிட ஞாபகத்தில், வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாளே போயிற்று. "ராஜேஸ்வரி, மகேஸ்வரி, ராஜேஸ்வரி, நாகதீஸ்வரி" என்று சொல்லிக்கொண்டு போனவர் பாண்டீஸ்வரியைத் தொடாமலே தேவிக்கும் எனக்கும் வந்து முடித்துவிட்டார். அருள்பாண்டி பதினேழு வளைவுக்கும் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினான். இரண்டாம் தடவை ஐந்து நாள் தாங்கியது. மூன்றாம் தடவை ஒரே நாள். மொக்கையன் படியிலிருந்து இறங்கி வரும்போதே அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னவோ விட்டுப்போனது அவருக்குத் தெரியும், எது என்றுதான் தெரியாது.

"எனக்கு அழுகை வரல டீச்சர்" என்றாள் பாண்டீஸ்வரி. "எங்கப்பா மேலதான் கோவமா வருது. உலகத்துல வேற பேரே கெடைக்கலையா அந்தாளுக்கு."

இதோடு நின்றிருந்தால் நானும் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்பேன். ஜெகதீஸ்வரி என்னை வம்புக்கு இழுத்தாள். "டீச்சர் பேரை ஒருநாளாச்சும் விட்டிருக்காரா பாருங்கடி. படிச்சவுகன்னா அவருக்கு ஒரு மருவாத. நம்மன்னா எளக்காரம்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது. திருநீறு வாங்குவதைத் தவிர அந்தக் கோயிலில் நான் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. என்னை எதற்கு அவர் மதிக்க வேண்டும்? கோபத்தோடு வளைவுகளை எண்ணிக்கொண்டு போகும்போதுதான் ஒன்று உறைத்தது. தேவியின் பெயரையும் அவர் விட்டதில்லை. சோலையம்மாள் பெயரையும் விட்டதில்லை. சோலையம்மாள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். அவளுக்கு எந்தப் படிப்புக்கு மரியாதை?

அன்று சாயங்காலம் டீக்கடையில் மொக்கையனைப் பிடித்தேன். மகாராணி புதுப் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பூசாரியண்ணே, நான் சொல்றதக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லுங்க. மாடு, ஜன்னல், எலுமிச்சை, போலீசு, கம்பளி, வெந்நீர்."

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "மாடு, ஜன்னலு, எலுமிச்சை, போலீசு, கம்பளி, வெந்நீரு" என்றார். தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

"இப்ப இது. தாடி, கோடி, மூடி, ஜாடி, நாடி, மாடி."

"தாடி, கோடி, ஜாடி" என்று வேகமாக ஆரம்பித்தார். அப்புறம் நெற்றியைச் சொறிந்தார். "மாடி, தாடி, போடி. டீச்சர், போடி நீங்க சொன்னீங்களா, நானாச் சொல்றனா?"

"யாரப் போடிங்கிறீக?" என்றாள் மகாராணி பாய்லருக்குப் பின்னாலிருந்து.

நான் சிரித்தது மகாராணிக்குப் பிடிக்கவில்லை. என்ன இருந்தாலும் அவள் புருஷன். "இருங்க டீச்சர், நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று ஈரக் கையை உதறிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "வடை, கடை, குடை, நடை, படை, தடை, எடை." எனக்கு என்ன, ஏழு வார்த்தை. வடை, கடை, படை என்று தொடங்கி, குடையில் ஒரு தடவையும் எடையில் ஒரு தடவையும் விழுந்து, கடைசியில் ஐந்தோடு நின்றேன். அந்த ஐந்திலும் ஒன்று 'விடை'. அவள் சொல்லவே இல்லாத வார்த்தை. மகாராணி டீ ஆற்றப் போய்விட்டாள். என் வாழ்க்கையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டிய அத்தனை எரிச்சலும் அந்த நிமிடத்தில் என்மேலேயே திரும்பியது.

பி.எட். படிக்கும்போது மனோதத்துவப் பாடத்தில் இதை நான் படித்திருக்கிறேன். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் இருக்கிறேன். இப்போது ஞாபகம் வந்தது. காதில் விழுந்ததை வாய்க்குக் கொண்டுபோகிற அந்தக் கொஞ்ச நேரம், மனசு சொல்லின் அர்த்தத்தைப் பிடித்துக்கொள்வதில்லை, அதன் சத்தத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. உள்ளுக்குள்ளே அந்தச் சத்தத்தை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரே மாதிரிச் சத்தங்களாக இருந்தால் எது வந்தது, எது வரவில்லை, எது முன்னால், எது பின்னால் என்று அதற்கே குழம்பிவிடுகிறது. ஒரே கலர் யூனிபார்மில் நாற்பது பிள்ளைகளை விட்டால் தலை எண்ணுகிறவள் திணறுகிற மாதிரி. அதில் ஒருத்தி மஞ்சள் பாவாடையில் வந்தால் அவளை மட்டும் விடவே மாட்டோம். நானும் தேவியும் சோலையம்மாளும் மஞ்சள் பாவாடைகள். மொக்கையன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் இடத்தில் யார் நின்றாலும் பாண்டீஸ்வரி தொலைந்துதான் போவாள்.

மறுநாள் அருள்பாண்டி ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பெண்களிடம் சொன்னேன். பாண்டீஸ்வரி பெயரைச் சுருக்க முடியாது, 'முழுசாச் சொல்லணும்' என்று அந்த வக்கீல் நிபந்தனை போட்டிருக்கிறான். அதனால் மற்ற ஐந்து ஈஸ்வரிகளும் தங்கள் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாத பெயராக ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

"சாமிகிட்டப் பொய்ப் பேரா?" என்று நாகேஸ்வரி தயங்கினாள்.

"பொய் எதுக்கு? நம்மளை நாம கூப்புடுற பேரு இருக்குல்ல" என்றாள் சோலையம்மாள்.

அது இருந்தது. தினமும் தக்காளிச் சோறு கட்டிவருகிற ராஜேஸ்வரி, தக்காளி. நடையை வைத்து மகேஸ்வரி, வாத்து. இருமிக்கொண்டே இருக்கிற புவனேஸ்வரி, சித்தரத்தை. ஜெகதீஸ்வரி மைக்செட்டு, இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான நாகேஸ்வரி, ஒட்டடைக்கம்பு. இத்தனை வருடம் முதுகுக்குப் பின்னால் சொன்னதை அன்றைக்கு அவரவர் வாயாலேயே சொன்னார்கள். பாண்டீஸ்வரிக்காக.

மொக்கையன் முதலில் மிரண்டுபோனார். "சாமி முன்னால போயி வாத்துன்னு சொல்லச் சொல்றீங்களா தாயி?"

"சாமி வாத்தப் பாத்ததில்லையாக்கும்" என்றாள் சோலையம்மாள்.

ஆறு படி ஏறினார். சூடம் காட்டினார். "கருப்பா, மலையேறுற பிள்ளைக. ஏத்துன மாதிரியே எறக்கி விடு. தக்காளி, வாத்து, சித்தரத்தை, பாண்டீஸ்வரி, மைக்செட்டு, தேவி, ஒட்டடக்கம்பு, சோலையம்மா, கலையரசி." ஒன்பது பேர். ஒன்று விடவில்லை, ஒன்று புரளவில்லை. அவர் குரலில் அப்படி ஒரு கம்பீரத்தை நான் அதுவரை கேட்டதில்லை. பன்னிரண்டு வருடமாக ஊர் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அன்றைக்குத்தான் அவரைவிட்டு இறங்கியது என்று நினைக்கிறேன்.

அருள்பாண்டி விசில் அடிக்கவில்லை.

ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் போயிற்று. அவன் சும்மா இருப்பானா? பதினான்காம் நாள் 'வண்டியில எடம் பத்தல' என்று தேவியையும் சோலையம்மாளையும் வேறு ஜீப்புக்கு மாற்றிவிட்டு, சிலமலைப் பக்கத்திலிருந்து புதிதாக இரண்டு பேரை ஏற்றினான். ஒருத்தி பெயர் லோகேஸ்வரி. இன்னொருத்தி யோகேஸ்வரி. இந்த இரண்டு பேரையும் தேடிக் கண்டுபிடிக்க எத்தனை ஊர் அலைந்தானோ. அந்த உழைப்பை வேறு எதிலாவது காட்டியிருந்தால் இந்நேரம் சொந்தமாக நாலு ஜீப் வைத்திருப்பான். இருவரும் முந்தல் வருவதற்குள் புரோட்டாவாகவும் அலாரமாகவும் மாறிவிட்டார்கள்.

அடுத்து, மொக்கையன் படி ஏறும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். "மாமா, மணி என்னாச்சு? மாமா, மேல மழையாமே?" மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு போகிறவரிடம் மணி கேட்டால் முணுமுணுப்பு அறுந்துவிடும். இதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலை செய்யத் தெரியாதவனுக்கும் வேலையைக் கெடுக்கத் தெரிந்திருக்கிறது. மகாராணி பார்த்தாள். மறுநாளிலிருந்து ஜீப் வந்து நின்றதும் ஒரு சூடான வடையைக் கொண்டுவந்து அவன் வாயில் வைத்துவிடுவாள். வடை தீர்வதற்குள் பூசை முடிந்துவிடும்.

முப்பது தாண்டியது. இதற்கிடையில் வீட்டில் நடந்ததைப் பாண்டீஸ்வரி எனக்கு வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் இருந்து பழக்கமில்லாத மனிதன், ஆறு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த கூரை ஓட்டை அப்போதுதான் பார்த்தானாம். "இது எப்ப ஒடஞ்சுச்சு?" என்று கேட்டானாம். மறுநாள் மாற்றினானாம். ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருக்கிறது என்று குறை சொன்னானாம். "ருசி தெரியுது டீச்சர் அந்தாளுக்கு" என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனால் காலையில் வண்டியை எடுக்கும்போது, "இன்னும் எத்தன நாளுடி?" என்று அவன் கேட்பதும் நிற்கவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. எதற்காக எண்ணுகிறான்? நாற்பத்தொன்பதாம் நாள் ஓடிப்போய்க் குடிப்பதற்கா? அவளால் அவனிடம் கேட்கவும் முடியவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் தூறல். மலை முழுக்க மஞ்சு மூடி, முதல் வளைவே தெரியவில்லை. எல்லோரும் பெயர் சொன்னோம். மொக்கையன் படி ஏறினார். மகாராணி ஏனோ அன்று வடை கொண்டுவரவில்லை.

"அலாரம், தக்காளி, புரோட்டா, வாத்து, கலையரசி, சித்தரத்தை, மைக்செட்டு, ஒட்டடக்கம்பு."

எட்டு. அதோடு நின்றுவிட்டது.

சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவர் முதுகு அசையவில்லை. பாண்டீஸ்வரி கண்ணை மூடிக் கைகூப்பியபடி இருந்தாள். நான் வாயைத் திறந்தேன். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். ஜெகதீஸ்வரி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சூடம் அணைந்தால் பூசை முடிந்தது. நாற்பத்தேழு நாளும் வீண். இனி ஒன்றிலிருந்து.

அருள்பாண்டி என்ஜினை அணைத்தான். எந்த நாளும் அவன் அங்கே அணைத்ததில்லை. இறங்கினான், செருப்பைக் கழற்றினான், படிக்குக் கீழே போய் நின்றான்.

"மாமா. பாண்டீஸ்வரி."

மொக்கையன் திரும்பாமலே, "என்ன மாப்ளே?" என்றார்.

"பாண்டீஸ்வரி. எம் பொண்டாட்டி. அவ பேர விட்டுட்டீக."

"யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

அருள்பாண்டி நிமிர்ந்து பார்த்தான். தலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. "யாரும் குடுக்கக் கூடாதுன்னேன்" என்றான். "நான் யாரும் இல்லையே."

"பாண்டீஸ்வரி" என்று சாமியிடம் உரக்கச் சொன்னார் மொக்கையன். சூடம் அதற்குப் பிறகுதான் அணைந்தது. அன்றைக்கு மேலே போகும் வரை பாண்டீஸ்வரி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே மஞ்சைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவன் ஒரு வளைவிலும் ஹாரன்கூட அடிக்கவில்லை.

சாயங்காலம் நான் மொக்கையனைச் சண்டைக்கே பிடித்தேன். "இத்தன நாளு ஒழுங்காச் சொல்லிட்டு, கடைசி நாள்ல போயி மறந்தீங்களே அண்ணே. எனக்கு உசுரே இல்ல."

அவர் டீக்கிளாசைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அந்தப் பேர நான் எத்தன நாளு மறந்திருக்கேன் டீச்சர்? மறந்து மறந்து, ராத்திரி பகலா அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மறந்தே மனப்பாடமாயிருச்சு. இனி எங்கட்ட என் பேரக் கேட்டாக்கூட பாண்டீஸ்வரின்னுதான் சொல்லுவேன்."

எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. "அப்ப இன்னிக்கு?"

"மறக்கல. நிறுத்துனேன்."

"அவன் வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"நாளையிலருந்து அவன் குடிச்சுத்தான இருப்பான். நாப்பத்தெட்டாவது நாளா இருந்தா என்ன, நாப்பத்தொம்பதாவதா இருந்தா என்ன. நாஞ் சொல்லிச் சொல்லி அவன் குடிக்காம இருந்து என்ன பண்ண? அவன்ல சொல்லணும்." கிளாசை வைத்தார். "நான் மறந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாகள்ல."

வடையை நிறுத்தச் சொன்னதும் அவர்தான் என்பது அப்புறம் தெரிந்தது. மகாராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "அப்ப அந்த ரெண்டு சீப்பும் இப்பிடித்தானா? நடிப்பா?"

"இல்லடி. அது நெசமாவே மறந்தது" என்றார் மொக்கையன், முகம் சுண்டிப்போய்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் வழக்கம்போல ஜீப் நின்றது. எல்லோரும் பெயர் சொன்னார்கள். பட்டப்பெயர் தேவையில்லாமல் போனாலும் யாரும் அதை விடவில்லை. பாண்டீஸ்வரிதான் கடைசி. அவள் பெயரைச் சொல்வதற்கு முன்னால், டிரைவர் சீட்டிலிருந்து, "அருள்பாண்டி" என்று ஒரு குரல் வந்தது. இத்தனை வருடத்தில் அவன் தன் பெயரைச் சாமிக்குக் கொடுத்ததே இல்லை. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அப்புறம் தன் பெயரைச் சொன்னாள்.

மொக்கையன் ஆறு படி ஏறினார். அலாரம், தக்காளி, புரோட்டா எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் இரண்டு பாண்டிகள் அடுத்தடுத்து வந்து நின்றார்கள். எவ்வளவு மனப்பாடமாக இருந்து என்ன, அவர் வாயில் அவை ஒட்டிக்கொண்டுவிட்டன.

"அருள்பாண்டீஸ்வரி" என்றார் சாமியிடம்.

"ஒரு பேரு கொறையுதே" என்று ஜெகதீஸ்வரி வாயெடுத்தாள்.

"கொறையல. இருக்கட்டும்" என்றாள் பாண்டீஸ்வரி.